ஊருக்குள் ஒழுங்காக ஓடும் கார் ஹைவேயில் மட்டும் ஹீட் ஆகிறதா? படிப்படியாகக் கண்டுபிடிக்கும் வழி

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவிலேயே நிற்கும். மேல்மருவத்தூர் வருவதற்குள் லேசாக ஏறும். திண்டிவனம் நெருங்கும்போது, ஏசி போட்டு 100-ல் போய்க்கொண்டிருந்தால், சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கும். வேகத்தை 60-க்குக் குறைத்தால் ஐந்து நிமிடத்தில் தானாகவே இறங்கிவிடும். எங்கள் வீட்டுப் பெட்ரோல் காரில் ஒரு கோடை முழுக்க இதுதான் நடந்தது. வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில் முதலில் ஃபேன் மோட்டாரை மாற்றினார்கள், அப்புறம் ரிலே, அப்புறம் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்துவிடும் வால்வு). மூன்று தடவை பில் கட்டினோம், ஆனால் திண்டிவனத்தில் முள் அதே இடத்துக்குத்தான் வந்தது.

அந்த மூன்று பில்லையும் தவிர்த்திருக்கலாம் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். "ஹைவேயில் மட்டும்" என்று சொல்லும்போதே பாதி விடை வந்துவிடுகிறது. மீதிப் பாதியை ஒரு தெர்மாமீட்டர், ஒரு டார்ச், ஒரு வாளித் தண்ணீர், கொஞ்சம் பொறுமை இருந்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்த பிறகு வேலையை மெக்கானிக்கிடம் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

ரோட்டில் முள் ஏறினால் முதலில் செய்ய வேண்டியது

காரணம் தேடுவதெல்லாம் அப்புறம், முதலில் எஞ்சினைக் காப்பாற்ற வேண்டும். முள் ஏற ஆரம்பித்ததும் ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து அதன் ஃபேனையும் கடைசி வரை திருப்புங்கள், கண்ணாடியை இறக்குங்கள். மே மாதத்தில் இது கொடுமைதான், ஆனால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் என்பது இன்னொரு சின்ன ரேடியேட்டர், எஞ்சின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே எடுத்துவிடும். இடது பக்கம் ஒதுங்கி 60-க்கு வாருங்கள். முள் இறங்கினால் அப்படியே மெதுவாக அடுத்த பங்க் வரை போகலாம்.

சிவப்பைத் தொட்டாலோ பானெட்டிலிருந்து ஆவி வந்தாலோ ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். "இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டுவதில்தான் சிலிண்டர் ஹெட் வளைகிறது. சில நூறு ரூபாய் ஹோஸ் மாற்றுவதோடு முடிந்திருக்க வேண்டியது ஹெட்டைக் கழற்றும் வேலையாக மாறுவது அந்த ஐந்து கிலோமீட்டரில்தான்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 டிகிரிக்கு மேலே போயும் கொதிக்காமல் அடங்கியிருக்கும், மூடியைத் திறந்த நொடியில் அது அத்தனையும் பொங்கி முகத்தில் அடிக்கும். குறைந்தது முக்கால் மணி நேரம் காத்திருங்கள். மேல் ஹோஸைத் துணியோடு பிடித்து அழுத்திப் பாருங்கள், அது மெத்தென்று இருந்தால்தான் மூடியில் கை வைக்க வேண்டும். சூடான எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது, அலுமினிய ஹெட்டில் விரிசல் விழலாம்.

இன்னொரு ஆபத்தான அறிகுறி உண்டு. ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று அடிக்கு விழுந்து, ஹீட்டரிலிருந்தும் குளிர்ந்த காற்று வந்தால், சரியாகிவிட்டது என்று நிம்மதியடையாதீர்கள். கூலன்ட் காலியாகி சென்சார் வெறும் ஆவியில் நிற்கிறது என்று அர்த்தம். உடனே அணைத்துவிடுங்கள்.

ஹைவேயில் மட்டும் என்றால் என்ன அர்த்தம்

பெட்ரோல் எரிந்து வரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சூடாகக் கூலன்ட்டுக்குள் போகிறது. எவ்வளவு பெட்ரோல் எரிகிறதோ அவ்வளவு சூடு. காற்றைக் கிழித்துக்கொண்டு போகத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். அதாவது 80-லிருந்து 100-க்குப் போனால் காற்றுக்காக மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சக்தி வேண்டும். நமக்கு அது இருபது கிலோமீட்டர் வேகம் கூடுவது மட்டும்தான், ரேடியேட்டருக்கு அது பெரிய பாரம்.

ஆனால் அதே வேகத்தில் முன்னாலிருந்து வரும் காற்று ஃபேன் தரும் காற்றை விட அதிகம். 60-க்கு மேல் ஓடும்போது ஃபேனுக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. எனவே நெரிசலிலும் சிக்னலிலும் ஹீட் ஆகி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ஃபேன், ரிலே, ஃபேன் சுவிட்ச் பக்கம் பாருங்கள். சிக்னலில் நன்றாக இருந்து ஹைவேயில் ஏறினால், கூலன்ட் போதுமான அளவு சுற்றவில்லை, அல்லது ரேடியேட்டரால் அவ்வளவு சூட்டை வெளியே தள்ள முடியவில்லை, அல்லது எஞ்சினே வழக்கத்தை விட அதிக சூட்டை உண்டாக்குகிறது. இந்த மூன்றில் ஒன்றுதான். எங்கள் காரில் ஃபேன் மோட்டாரை மாற்றியது ஏன் பயன் தரவில்லை என்பது இங்கேயே புரிந்துவிடும்.

முள்ளை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள்

இன்றைய கார்களில் டேஷ்போர்டு முள் நேர்மையாக நகர்வதில்லை. ஏறக்குறைய 80 முதல் 100 டிகிரிக்கு மேல் வரை எங்கே இருந்தாலும் அது நடுவிலேயே நிற்கும்படி செய்துவைத்திருப்பார்கள். அது நகரும்போது நிலைமை ஏற்கெனவே முற்றியிருக்கும். சில கார்களில் முள்ளே கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும்தான்.

அதனால் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் ஒரு புளூடூத் அடாப்டரை வாங்குங்கள், விலை பெரிதில்லை. போனில் ஒரு ஆப் போட்டால் கூலன்ட் வெப்பநிலை எண்ணாகவே தெரியும். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள், ஓட்டிக்கொண்டே நீங்கள் பார்க்க வேண்டாம். எங்கள் காரில் அப்படி எழுதியது இது: 60-ல் 90 டிகிரி, 80-ல் 94, 100-ல் ஏசியோடு 103, பத்து நிமிடத்தில் 108, அதற்கு மேலும் ஏறிக்கொண்டிருந்தது. ஏசியை அணைத்ததும் 101. ஹீட்டரை முழுதாகத் திறந்ததும் 97.

இந்தக் கடைசி எண் நிறையச் சொல்கிறது. ஹீட்டரைத் திறந்ததும் சூடான காற்று வந்து எண் இறங்கினால், கூலன்ட் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, ரேடியேட்டரின் திறன்தான் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். எஞ்சின் கொதிக்கும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் கூலன்ட் குறைவு, உள்ளே காற்று சிக்கியிருக்கிறது, அல்லது பம்ப் தள்ளவில்லை.

காலையில், எஞ்சின் ஆறிய பிறகு

இனி சோதனைகள். காசு செலவாகாதவற்றிலிருந்து ஆரம்பிப்போம்.

கூலன்ட்டின் ரிசர்வ் டேங்கை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். ரேடியேட்டருக்குத் தனி மூடி இருக்கும் கார் என்றால் அதையும் திறந்து பாருங்கள், கழுத்து வரை நிறைந்திருக்க வேண்டும். டேங்கில் இருக்கிறது, ரேடியேட்டரில் இல்லை என்றால் மூடி சரியில்லை, ஆறும்போது டேங்கிலிருந்து திரும்ப இழுக்கவில்லை. கூலன்ட்டின் நிறத்தையும் பாருங்கள். பச்சையோ சிவப்போ நீலமோ, தெளிவாக இருக்க வேண்டும். செம்மண் தண்ணீர் மாதிரி இருந்தால் உள்ளே துருப் பிடித்திருக்கிறது. மேலே எண்ணெய் மிதந்தால் அது வேறு பெரிய பிரச்சினை, கடைசியில் வருகிறேன்.

மூடியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பல கார்களில் அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும், அத்தனை பார் அழுத்தம் வரை தாங்க வேண்டும் என்று பொருள். அழுத்தம் இருந்தால்தான் கொதிநிலை உயரும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் ஒரு பார் அழுத்தத்தில் 125 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும், அழுத்தம் இல்லாவிட்டால் 108 அளவிலேயே கொதித்துவிடும். மூடியின் ரப்பர் விறைத்து வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ அதே எண் போட்ட புது மூடி வாங்கிப் போடுங்கள். காலையில் பார்க்கும்போது ஹோஸ் சப்பிப் போயிருந்தால், மூடியின் நடுவில் இருக்கும் சின்ன வால்வு அடைத்திருக்கிறது.

பெல்ட்டையும் பாருங்கள். வாட்டர் பம்ப்பை வெளி பெல்ட் ஓட்டும் கார்களில் பெல்ட் பளபளவென்று தேய்ந்திருந்தால் அதிக வேகத்தில் வழுக்கும். பம்ப்பின் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு, அங்கே காய்ந்த கூலன்ட் தடம் இருந்தால் பம்ப்பின் சீல் போய்விட்டது.

இரண்டு ரேடியேட்டருக்கும் நடுவில்

பலர் தவறவிடும் இடம் இதுதான். முன்னால் நின்று பார்த்தால் தெரிவது ரேடியேட்டர் இல்லை, ஏசியின் கண்டென்சர். அதற்குப் பின்னால், சில இடங்களில் ஒரு விரல் கூட நுழையாத இடைவெளியில் ரேடியேட்டர் நிற்கிறது. கண்டென்சரின் முகத்தை மட்டும் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு "கிளீன் பண்ணியாச்சு" என்று சொல்லிவிடுவார்கள். அந்த இடைவெளிக்குள் பூச்சி, தூசி, வேப்பம்பூ, வைக்கோல் துகள், பிளாஸ்டிக் பை எல்லாம் போய்ச் சேர்ந்து நனைந்து காய்ந்து, பழைய கம்பளித் துணி மாதிரி படிந்திருக்கும். நண்பர் ஒருவரின் காரில் மேல் போல்ட்டுகளை மட்டும் கழற்றி ரேடியேட்டரைப் பின்னால் சாய்த்தோம். கையை விட்டு இழுத்தபோது அரை அடி அகலத்துக்கு ஒரே பாளமாக உரிந்து வந்தது. அந்தக் காருக்கு வேறு எதுவுமே மாற்றவில்லை.

கழுவும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, சாதாரணக் குழாய் அழுத்தத்தில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராக அடித்தால் மெல்லிய இதழ்கள் மடிந்து காற்றை அடைத்துவிடும். அதோடு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு, ரேடியேட்டரின் இரு பக்கமும் இருக்கும் ஃபோம் அல்லது ரப்பர் தடுப்பு எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். காற்று எப்போதும் சுலபமான வழியில்தான் போகும். தடுப்பு உடைந்திருந்தால் அது ரேடியேட்டருக்குள் நுழையாமல் பக்கத்தில் நழுவிவிடும். கிரில்லுக்கு முன்னால் கூடுதல் விளக்கு, பெரிய பலகை, வலை எதையாவது மாட்டியிருந்தால் சோதனைக்காகவாவது கழற்றிவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

ஃபேனையும் ஒரு தரம் பார்த்துவிடலாம், குறிப்பாகச் சமீபத்தில் மோட்டார் மாற்றியிருந்தால். ஃபேன் ஓடும்போது ஒரு தாளைக் கண்டென்சர் முன் காட்டுங்கள், தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளிவிட்டால் ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், ஃபேன் எதிர்க்காற்றோடு சண்டை போடுகிறது.

தெர்மோஸ்டாட்டை அடுப்பில் வைத்துப் பாருங்கள்

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், அடியைத் தொடக் கூடாது. சமையல் தெர்மாமீட்டர் ஒன்றையும் வைத்து அடுப்பை மூட்டுங்கள். அதன் மேல் 82 அல்லது 88 என்று எழுதியிருக்கும், அந்த டிகிரிக்குப் பக்கத்தில் திறக்க ஆரம்பித்து, தண்ணீர் கொதிப்பதற்குள் சுமார் 8 மில்லிமீட்டர் திறந்திருக்க வேண்டும். பாதி மட்டும் திறந்து நிற்பது ஹைவே பிரச்சினைக்கு அப்படியே பொருந்தும், ஊருக்குள் அந்தப் பாதித் திறப்பு போதும், 100-ல் போதாது.

"தெர்மோஸ்டாட்டே வேண்டாம், கழற்றிவிடுங்க, நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையில்லை" என்று சொல்லும் மெக்கானிக்குகள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வராமல் பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயில் கெடும். அதை விட முக்கியம், சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் பின் தட்டுதான் சூடானதும் பைபாஸ் வழியை மூடும் கதவு. அதை எடுத்துவிட்டால் சூடான கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும், ஹைவேயில் ஹீட் கூடத்தான் செய்யும்.

கூலன்ட் சுற்றுகிறதா?

கீழ் ஹோஸ் பம்ப் உறிஞ்சும் பக்கம். அது ரப்பர் இளகிப்போயிருந்தாலோ, சில கார்களில் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்து உடைந்திருந்தாலோ, அதிக ஆர்பிஎம்மில் பம்ப் இழுக்கும் இழுப்பில் சப்பிக்கொண்டு வழியை அடைக்கும். எஞ்சின் சூடானதும் ஒருவரை உள்ளே உட்கார வைத்து 3000 ஆர்பிஎம்மில் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல் டார்ச் அடித்து ஹோஸைப் பாருங்கள். சும்மா நிற்கும்போது இது ஒருபோதும் தெரியாது.

பம்ப்பின் உள்ளே இருக்கும் இறக்கைகளை வெளியிலிருந்து பார்க்க முடியாது. வெறும் தண்ணீரிலேயே வருடக்கணக்கில் ஓடிய காரில் இரும்பு இறக்கைகள் அரித்துத் தேய்ந்திருக்கும், பிளாஸ்டிக் இறக்கை என்றால் அச்சோடு சுற்றாமல் வழுக்கலாம். ஒழுகல் இல்லை, சத்தம் இல்லை, வெளியே பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும். மற்ற எல்லாம் சரி என்று உறுதியான பிறகுதான் பம்ப்பைக் கழற்றுங்கள், பல கார்களில் அது டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் இருப்பதால் கூலி அதிகம். டைமிங் பெல்ட் மாற்றும் நேரம் நெருங்கியிருந்தால் இரண்டையும் சேர்த்தே செய்துவிடுங்கள்.

ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறதா?

எங்கள் காரின் நோய் இங்கேதான் இருந்தது. கையடக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஹைவேயில் சூடேறும் வரை ஓட்டிவிட்டு, பங்க்கில் ஒதுக்கி, எஞ்சின் ஓடும்போதே உடனடியாக அளந்தோம். ஒன்றைக் கவனியுங்கள், பளபளக்கும் அலுமினியத்தில் இந்தக் கருவி தப்பாகக் காட்டும், ரப்பர் ஹோஸ் மேல் அல்லது கறுப்பு டேப் ஒட்டிய இடத்தில் அளக்க வேண்டும்.

மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருந்தால் ரேடியேட்டர் வழியாக நீர் போகிறது, ஆனால் சூட்டை விடவில்லை, அதாவது வெளியே காற்று அடைப்பு. மேலே கொதித்துக் கீழே மிகவும் ஆறியிருந்தால் ஓட்டம் குறைவு: தெர்மோஸ்டாட், பம்ப், அல்லது உள் அடைப்பு. ஃபேன் கூண்டுக்கு வெளியே ரேடியேட்டர் தெரியும் இடங்களில் எல்லாம் அளந்துகொண்டே வாருங்கள். சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். எங்களுக்கு நடுவில் ஒரு பட்டை முழுக்கச் சட்டென்று 30 டிகிரி குறைவாகக் காட்டியது. அந்தக் குழாய்களில் நீரே போகவில்லை.

கழற்றியதும் வாளித் தண்ணீரை மேல் வாயில் ஊற்றினோம். நல்ல ரேடியேட்டரில் ஊற்றும் வேகத்துக்கே கீழே கொட்டும். இதில் கழுத்து வரை நிறைந்து வழிந்தது, கீழே குழாயடியில் சொட்டுவது மாதிரி வந்தது. பக்கத்துப் பட்டறையில் ஓரத்தை வெட்டிக் காட்டினார்கள். வெந்நீர் போடும் ஹீட்டர் ராடில் வெள்ளையாகப் படியுமே, அதே படிவம், குழாயின் வாய் தெரியாத அளவுக்கு. முன்பு காரை ஓட்டியவர் எங்கெல்லாம் நிறுத்தினாரோ அங்கெல்லாம் பங்க்கில் வாளியில் இருந்த போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். நம் ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகம், சூடானதும் அது படிவமாகும். ஒழுகலை அடைக்க மஞ்சள் தூள் போடுவதும் இதே கதைதான். துளையை அடைக்கும் அந்தத் தூள் மெல்லிய குழாய்களையும், ஹீட்டர் கோரையும் அடைக்கும். நடு ரோட்டில் உயிர் போகும் அவசரம் என்றால் கேன் தண்ணீர் ஊற்றுங்கள், வீட்டுக்கு வந்ததும் மொத்தத்தையும் வடித்துவிட்டுச் சரியான கூலன்ட் போடுங்கள்.

பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டரைப் பட்டறையில் திறந்து கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம். இப்போது வருபவை அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் தலையும், நன்றாக அடைத்துவிட்டால் புதிதாக மாற்றுவதுதான் சரி.

எஞ்சினே அதிகம் சூடாக்குகிறதா, ஹெட் கேஸ்கெட்டா?

ஹைவேயில் இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் சூட்டையும் அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் மிக அதிகச் சூட்டில் இருந்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, எஞ்சின் அதையும் சேர்த்து இழுக்கிறது. சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருந்தால் 80-க்கு மேல் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாலும் வண்டி மந்தமாக இருக்கும், சூடும் ஏறும்.

சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் தகடான ஹெட் கேஸ்கெட்டின் சிறு கசிவும் ஊருக்குள் ஒளிந்துகொண்டு பாரம் ஏறும்போதுதான் வெளியே வரும். தொப்பூர் கணவாயில் சேலத்திலிருந்து தர்மபுரி பக்கம் ஏறும்போது திடீரென ரிசர்வ் டேங்க் பொங்கினால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், சூடேறும் முன்பே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுவது, டேங்கில் விடாமல் குமிழி வருவது, வெளியே ஒழுகாமல் கூலன்ட் குறைவது, ஆயில் மூடியின் அடியில் தயிர் கடைந்த மாதிரி படிவது, சூடான பிறகும் வெள்ளைப் புகை வருவது எல்லாம் அறிகுறிகள். உறுதி செய்ய நீலத் திரவம் வைத்த ஒரு சோதனைக் குழாய் உண்டு, ரேடியேட்டர் வாயில் வைத்து அங்கே வரும் காற்றை உறிஞ்சினால், எரிந்த வாயு கலந்திருக்கும்பட்சத்தில் அது மஞ்சளாக மாறும். பெட்ரோல் காரில் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஹெட்டைக் கழற்ற யாருக்கும் சம்மதம் கொடுக்காதீர்கள்.

சரி செய்த பிறகு

கூலன்ட் எது என்று காரின் கையேட்டில் இருக்கும், நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறத்துக்கு ஒரே விதி கிடையாது. கான்சன்ட்ரேட் என்றால் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி. தயாராகக் கலந்து வருவதில் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்கக் கூடாது. கான்சன்ட்ரேட்டை அப்படியே ஊற்றினால் இன்னும் நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள், இல்லை, அது தண்ணீரை விடக் குறைவாகத்தான் சூட்டைச் சுமக்கும், ஹீட் கூடும்.

அப்புறம் காற்றை வெளியேற்றுவது. காரின் முன்பக்கம் சற்று மேடாக இருக்கும்படி நிறுத்தி, மூடியைத் திறந்துவைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, நிதானமாக ஊற்றி, எஞ்சினைச் சும்மா ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். குமிழி நின்று, ஹீட்டரில் ஒரே சீராகச் சூடான காற்று வந்ததும் மூடலாம். காற்று வெளியேற்றும் திருகு தனியாக இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

கடைசியாக, பிரச்சினை எந்த ரோட்டில் வந்ததோ அதே ரோட்டில், அதே வேகத்தில், ஏசியோடு மறுபடி ஓட்டி எண்களை எழுதுங்கள். பழைய தாளில் 108 இருந்த இடத்தில் எங்களுக்கு 93 வந்தது, விக்கிரவாண்டி வரை அதற்கு மேல் அசையவில்லை. மறுநாள் காலை ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள், உள்ளே தங்கிய காற்று வெளியேறி அரை டம்ளர் அளவு இறங்கியிருக்கும், அதை நிரப்பிவிடுங்கள். ஒரு வாரம் கழித்தும் இறங்கிக்கொண்டே இருந்தால் எங்கேயோ இன்னும் ஒழுகுகிறது, பிரஷர் டெஸ்ட் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.